யாருக்குத் தெரியப் போகிறது?



கடைத்தெருவில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல் உண்டு. "யாருக்குத் தெரியப் போகிறது?" என்பதே அது. மூட்டையின் அடியில் கிடந்த சரக்கை மேல் சரக்கோடு கலக்கும்போது அதைச் சொல்கிறோம். நசுங்கிய டின்னின் நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி அடுக்கும்போது சொல்கிறோம். வாய்விட்டுச் சொல்லாத நாட்களில் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சொல்லைப் பற்றியே இம்முறை எழுதப் புகுந்தோம்.

எழுதத் தூண்டியது ஒரு மரப்படகு. அதன் நீளம் ஓர் அடி! சிரிக்காதீர்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லோம். மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே நம் கல்வி. ஆகவே தத்துவம் பேச வரவில்லை. நடந்ததைச் சொல்லி, அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே வந்தோம்.

வரைபடம்

நமது மூத்த மகனுக்கு வயது 13. சென்ற நீண்ட பள்ளி விடுமுறையில் அவன் காலை முதல் இரவு வரை கைப்பேசியும் கையுமாக இருந்தான். அதைக் கண்டு மனம் நொந்து, பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு காகிதச் சுருளை 12 ரிங்கிட் கொடுத்து வாங்கி வந்தோம். ஐரோப்பாவின் கரையோரங்களில் ஓடிய ஒரு மீன்பிடிப் படகைச் சிறிய அளவில் மரத்தில் செய்வதற்கான வரைபடங்கள் அதில் இருந்தன.

கடலுக்கும் நமக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியதில்லை. மரக்காயர் என்ற பெயரே மரக்கலத்திலிருந்து வந்தது என்று கூறுவோர் உண்டு. இங்கே பினாங்கில் நம் மக்களின் பெயரால் சூலியாத் தெரு இன்றும் விளங்குகிறது. நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, இந்தத் துறையில் வந்து இறங்கியவர். இவ்வளவு இருந்தும், ஒரு படகின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் அறிந்ததில்லை. கப்பலில் சரக்கு வரும், எடுத்துக்கொள்வோம், அவ்வளவே.

படகின் வரைபடம் மூன்று பார்வைகளாக வரையப்படுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது ஒன்று. மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது இரண்டு. ரொட்டியை அறுப்பதுபோல் படகைக் குறுக்கே துண்டு துண்டாக அறுத்தால் ஒவ்வொரு துண்டின் வடிவமும் எப்படி இருக்கும் என்பது மூன்று. இந்த மூன்றாவது படத்தில் ஒவ்வொரு துண்டிலும் பாதியைத்தான் வரைவார்கள். படகின் இடமும் வலமும் ஒன்றேயாகையால், பாதி தெரிந்தால் மறுபாதியும் தெரிந்துவிடும்.

அந்த வடிவங்களை ஒட்டுப்பலகையில் அறுத்தெடுத்து, அடிமரத்தின்மேல் வரிசையாக நிறுத்தினால், மீனின் விலா எலும்புகள் போல நிற்கும். அந்த விலாச்சட்டங்களின்மேல் மெல்லிய பலகைப் பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும் சட்டங்கள் மறைந்துபோகும். வெளியே கண்ணுக்குத் தெரிவது பலகை. அந்தப் பலகைக்கு உருவம் கொடுப்பதோ உள்ளே மறைந்து நிற்கும் சட்டம்.

நமது வரைபடத்தின் கணக்கு, நிஜப் படகில் 2 அடிக்கு இங்கே 1 அங்குலம். நிஜப் படகு 24 அடி நீளம், 8 அடி அகலம். நம் படகு 12 அங்குல நீளம், 4 அங்குல அகலம். விலாச்சட்டங்கள் 9. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு நேர்கோடு போட்டு, நகலெடுத்தால் அந்தக் கோட்டை அளந்து பார்க்க வேண்டும், சரியாக 4 அங்குலம் இருக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தது. இந்தக் கோட்டை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

மூன்று சட்டங்கள்

மூலத் தாளை வெட்ட மனம் வராமல் நகல் எடுத்தோம். ஆறு சட்டங்கள் இருந்த பெரிய தாளை ஓரிடத்திலும், நடுவிலுள்ள 4, 5, 6 ஆகிய மூன்று சட்டங்கள் இருந்த சிறிய தாளை வேறோரிடத்திலும் எடுத்தோம். இரண்டாவது இயந்திரம், படம் தாளுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகத் தானாகவே அதை 97 விழுக்காடாகச் சுருக்கிவிட்டது. இயந்திரத்தின்மேல் குற்றமில்லை. அளந்து பார் என்று தாளிலேயே எழுதியிருந்தது. நாம் அளக்கவில்லை.

இரவில் கடை மூடியபின், சாப்பாட்டு மேசையில் நாமும் மகனும் உட்கார்ந்து மெல்லிய வாளால் சட்டங்களை அறுத்தோம். உப்புத்தாளால் தேய்த்தோம். துணி மாட்டும் கிளிப்புகளால் இறுக்கி ஒட்டினோம். அந்த இரவுகள் இனிமையானவை என்பதைச் சொல்லியாக வேண்டும். கைப்பேசி மூலையில் கிடந்தது. மகன் நம் பாட்டனாரைப் பற்றிக் கேட்டான். நாம் சொன்னோம்.

ஒன்பது சட்டங்களும் நின்றபின் ஒரு நீளமான மெல்லிய குச்சியை அவற்றின் விளிம்பில் முன்னிருந்து பின்னாக வைத்துப் பார்க்க வேண்டும். குச்சி எல்லாச் சட்டங்களிலும் படிந்தால் சரி. நாம் வைத்துப் பார்த்தபோது 4, 5, 6 ஆகிய மூன்றிலும் குச்சிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது! 4 அங்குலம் இருக்க வேண்டிய நடுச்சட்டம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அதாவது பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். படகு கொழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வயிறு ஒட்டி நின்றது.

மகன் உடனே கண்டுபிடித்துவிட்டான். மூலத் தாளையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "அத்தா, இந்த மூன்றையும் திரும்ப அறுக்கலாம்" என்றான். அன்று வெள்ளிக்கிழமை இரவு. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றே பொருட்காட்சியில் வைக்கப் படகு வேண்டும் என்று முன்னரே சொல்லியிருந்தான். நமக்கோ மறுநாள் சரக்கு இறக்க வேண்டிய வேலை. ஆகவே நாம் சொன்னோம்: "பலகையை ஒட்டு. பள்ளம் விழுகிற இடத்தில் பட்டி பூசித் தேய்த்து வர்ணம் அடித்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?"

அப்படியே செய்தோம். மரத்தூளையும் கோந்தையும் குழைத்த பட்டியைப் பள்ளத்தில் பூசி, வழவழப்பாகத் தேய்த்து, நீல வர்ணம் அடித்தோம். படகு அழகாக இருந்தது. பார்த்தவரெல்லாம் புகழ்ந்தனர். வரைபடத்தில் உள்ளபடியே அச்சாகச் செய்திருக்கிறாய் என்று ஆசிரியர் மகனின் முதுகில் தட்டினாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியில்லை. நாம் அதைக் கவனித்தோம், காரணம் கேட்கவில்லை.

மிளகாய்

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. மகன் கடையில் ஒத்தாசைக்கு இருந்தான். காய்ந்த மிளகாய் மூட்டை ஒன்றின் அடிப்பாகம் தரை ஈரத்தில் நனைந்து, நாலு கிலோ அளவுக்குப் பூசணம் பிடித்திருந்தது. அவனைச் சரக்கைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு நாம் கணக்கெழுதிக்கொண்டிருந்தோம். தற்செயலாகத் திரும்பியபோது, அவன் பூசண மிளகாயை ஒவ்வொரு பொட்டலத்திலும் கொஞ்சம் அடியில் போட்டு, மேலே நல்ல மிளகாயை நிரப்புவதைக் கண்டோம்.

கை ஓங்கினோம். "என்னடா செய்கிறாய்?"

அவன் பயப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் நம்மைப் பார்த்தான். "மேலே நல்லதுதானே அத்தா இருக்கிறது? யாருக்குத் தெரியப் போகிறது?"

ஓங்கிய கை இறங்கிவிட்டது. சொல் நம்முடையது, குரல் மட்டுமே அவனுடையது.

அதற்குள் மூன்று பொட்டலங்கள் விலைபோயிருந்தன. இரண்டு பக்கத்து வீட்டாருடையவை. அன்று மாலையே மாற்றிக் கொடுத்தோம். மூன்றாவது 3 கிலோ, மீ கோரிங் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் வாங்கியது. நம் அத்தா காலத்திலிருந்து நம்மிடமே சரக்கெடுப்பவர். பூசணம் பிடித்த மிளகாயில் உண்டாகக்கூடிய நஞ்சு சமையல் சூட்டில் முழுவதும் அழிவதில்லை. அவர் கடையிலோ நாளெல்லாம் சாப்பிடுகிறவர்கள். மகனையும் அழைத்துக்கொண்டு ஓடினோம்.

போனபோது, அவர் கெட்ட மிளகாயை ஏற்கெனவே பொறுக்கி ஒரு தட்டில் தனியே வைத்திருந்தார்!

"மாமு, பார்த்துவிட்டீர்களா?" என்றோம்.

"பார்த்தேன் தம்பி."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் உன் மனம் வருத்தப்படும். இத்தனை வருஷப் பழக்கம். அடுத்த வாரத்திலிருந்து வேறு கடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்." பிறகு சற்றுத் தயங்கி, "போன வருஷம் மல்லியிலும் ஒரு தடவை இப்படி வந்தது" என்றார்.

சகோதரர்களே, அந்த மல்லியைக் கலந்தவன் நம் மகன் அல்லன். நாமே! பழைய மல்லி கொஞ்சம் தங்கிவிட்டது. மணம் குறைந்ததே தவிரக் கெட்டதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு புதிய மல்லியோடு கலந்தோம். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை என்று ஓராண்டாக நினைத்திருந்தோம். தெரிந்தவர் ஓராண்டாக நம் கடைக்கு வந்து, சிரித்து, நலம் விசாரித்துப் போய்க்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டான்.

நண்பரின் கேள்வி

இதை நம் பக்கத்துக் கடை ஜவுளி வியாபாரியிடம் சொன்னோம். அவர் நம்மினும் படித்தவர், கூர்மையான அறிவுடையவர். அவர் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

"மிளகாயில் நடந்தது தவறு. மல்லியிலும் தவறு. அதில் பேச்சில்லை. ஆனால் படகை ஏன் இதில் இழுக்கிறீர்கள்? படகில் யாரை ஏமாற்றினீர்கள்? யாருக்கு நஷ்டம்? மரவேலை செய்யும் எவன் பட்டி பூசாமல் இருக்கிறான்? அது வேலையின் ஒரு பகுதி. அந்தப் படகு ஆளையும் ஏற்றப்போவதில்லை, சரக்கையும் ஏற்றப்போவதில்லை. நீங்கள் மல்லியில் செய்த காரியத்துக்கு ஒரு விளையாட்டுச் சாமானைக் குற்றவாளியாக்குகிறீர்கள். மேலும், திரங்கானுவில் புலாவ் டூயோங் தீவுக்காரர்கள் வரைபடமே இல்லாமல் பெரிய பெரிய மரக்கலங்களைக் கட்டினார்களே! அப்படியிருக்க ஒரு காகிதத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் விலகியது பெரிய பாவமா?"

நியாயமான கேள்வி. பல இரவுகள் இதை யோசித்தோம்.

முதலில் புலாவ் டூயோங் விஷயம். அவர் சொன்னது உண்மையே. அந்தத் தீவின் தச்சர்கள் காகித வரைபடமின்றி, கண்ணளவாலும் மூத்தோரிடம் கற்ற முறையாலும் செங்கால் மரத்தில் கலம் கட்டியவர்கள். இன்று அத்தொழில் தெரிந்தவர் மிகச் சிலரே. ஆனால் அவர்கள் கட்டும் முறையைக் கவனியுங்கள். அவர்கள் சட்டத்தை முதலில் நிறுத்தி அதன்மேல் பலகை போர்த்துவதில்லை. முதலில் பலகைகளையே ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்போடு விளிம்பு பொருத்தி, மர ஆணியால் இணைக்கிறார்கள். இடையே கெலாம் மரப்பட்டையை வைக்கிறார்கள். பலகைச் சுவர் எழுந்தபின்தான் உள்ளே விலாச்சட்டங்களைப் பொருத்துகிறார்கள். ஆகவே கலத்தின் உருவம் முதல் நாளிலிருந்தே எல்லார் கண்முன்னும் வளர்கிறது. ஒரு பலகை பொருந்தாவிட்டால் அங்கேயே, அப்போதே தெரியும். பொருந்தாததைக் கடல் ஒத்துக்கொள்ளாது. அவர்களிடம் காகிதம் இல்லையே தவிர அளவு இருந்தது. நம்மிடம் காகிதம் இருந்தது, அளவைத்தான் விட்டுவிட்டோம்.

இரண்டாவது, பட்டி. பட்டியில் குற்றமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். மரம் இயல்பாக விடும் சிறு இடைவெளியை நிரப்புவதற்குப் பட்டி வேண்டும். தையற்காரனும் ஓரத்தை மடித்துத்தான் தைக்கிறான். ஆனால் தெரிந்த ஒரு பிழையை மறைப்பதற்காகப் பூசும் பட்டி அதுவன்று. பொருள் ஒன்றே; கையும் ஒன்றே; பூசுகிறபோது மனம் எதை நினைத்தது என்பதில்தான் வேறுபாடு. நாம் இடைவெளியை நினைக்கவில்லை. பார்ப்பவன் கண்ணை நினைத்தோம்.

மூன்றாவதே முக்கியமானது. படகில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நண்பர் சொன்னாரே, அந்த வாக்கியந்தான் நம்மை விழிக்கச் செய்தது. மல்லியைக் கலந்தபோது நமக்குச் சாக்குகள் இருந்தன. வாடகை ஏறிவிட்டது. பெரிய அங்காடிகளோடு போட்டி போட முடியவில்லை. சரக்கைத் தூக்கி எறிந்தால் முதல் போகும். 'வேறு வழியில்லாமல் செய்தோம், இல்லாவிட்டால் நாம் நாணயமானவர்தான்' என்று இத்தனை நாளும் நம்பியிருந்தோம். படகுக்கு வாடகை உண்டா? போட்டி உண்டா? முதல் உண்டா? ஒன்றும் இல்லை! மூன்று சட்டங்களைத் திரும்ப அறுக்க இரண்டு இரவு போதும். பொருட்காட்சிக்கு ஒரு நாள் தாமதமாகக் கொடுத்திருந்தாலும் வானம் இடிந்து விழுந்திராது. ஒரு நெருக்கடியும் இல்லாத இடத்திலும் நம் வாயிலிருந்து அதே சொல் வந்தது. ஆகவே நம்மை மறைக்கச் செய்தது வறுமையோ வாடகையோ அன்று, பழக்கம். படகு குற்றவாளியன்று என்று நண்பர் சொன்னது சரிதான். படகு சாட்சி.

தெரிந்தவர் பலர்

இனி அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். "யாருக்குத் தெரியப் போகிறது?" இது ஒரு கேள்வி. கேள்விக்கு விடை இருக்க வேண்டுமல்லவா? மீ கோரிங் கடைப் பெரியவர் அந்த விடையைக் காட்டினார். தெரிகிறது, ஆனால் தெரிந்தவர் நம்மிடம் வந்து சொல்வதில்லை. அதைத்தான் நாம் 'தெரியவில்லை' என்று எண்ணிக்கொள்கிறோம்.

உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. சுவீடன் தேசத்து மன்னருக்காக ஸ்டாக்ஹோம் நகரில் வாசா என்றொரு பெரிய போர்க்கப்பல் கட்டினார்கள். 64 பீரங்கிகள், எங்கும் சிற்ப வேலை. அது புறப்படுமுன் அதன் நிதானத்தைச் சோதிக்க 30 ஆட்களை மேல்தட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டனர். மூன்று முறை ஓடியதுமே கப்பல் கவிழ்ந்துவிடும்போல் ஆடியது. கடற்படை அதிகாரி ஓட்டத்தை நிறுத்திவிட்டார். கப்பலை நிறுத்தவில்லை! மன்னர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். 1628 ஆகஸ்டு 10ஆம் தேதி கப்பல் பாய் விரித்தது. ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து, கரையில் நின்ற மக்கள் கண்முன்னே மூழ்கியது.

அது மேலே கனமாகவும் கீழே குறுகலாகவும் கட்டப்பட்டிருந்ததே காரணம். இது எத்தனை பேருக்கு முன்னமே தெரிந்திருக்கும்? ஓடிய முப்பது பேருக்கும் தெரிந்தது. ஓடச் சொன்னவருக்குத் தெரிந்தது. கப்பலை நிறுத்துமளவுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் விசாரணை நடந்தது. முடிவில் ஒருவர்மீதும் குற்றம் தீர்க்கப்படவில்லை.

333 ஆண்டுகளுக்குப் பிறகு, 1961இல் அக்கப்பலைக் கடலடியிலிருந்து மேலே கொண்டு வந்தார்கள். அதனுள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு கோல்களில் ஓர் அடிக்கு 12 அங்குலம். அது சுவீடன் கணக்கு. மற்ற இரண்டில் ஓர் அடிக்கு 11 அங்குலம். அது ஆம்ஸ்டர்டாம் கணக்கு. ஒரே கப்பலில் இரண்டு அடி! கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இல்லை என்பதையும் ஆராய்ந்தோர் அளந்து கண்டனர். கப்பல் மூழ்கியதற்கு முக்கியக் காரணம் இதுவன்று. எனினும் இதைப் படித்தபோது நம் மூன்று சட்டங்கள்தான் கண்முன் நின்றன. ஒரே படகில் இரண்டு அளவு. கடைக்காரராகிய நமக்கு இது புரியாத விஷயமா? தராசுக்கு முத்திரை வைத்து வாங்கித்தானே வியாபாரம் செய்கிறோம்! தராசின் அளவைச் சோதிக்க அதிகாரி வருகிறார். பொட்டலத்தின் அடியைச் சோதிக்க ஒருவரும் வருவதில்லை.

பிரித்த படகு

அந்தச் சனிக்கிழமை இரவு மகனிடம் சொன்னோம்: "மிளகாயில் நீ செய்தது தப்பு. படகில் நாம் செய்ததும் மல்லியில் நாம் செய்ததும் தப்பு. உன்னுடையது கடைசித் தப்பு. முதல் தப்பு நம்முடையது."

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "ஆசிரியர் முதுகில் தட்டினபோது வெட்கமாக இருந்தது அத்தா. அப்புறம் எல்லாரும் நல்லாயிருக்கிறது என்று சொன்னார்களா, பழகிப்போய்விட்டது."

பழகிப்போய்விட்டது! 13 வயதுப் பிள்ளை ஆறு வாரத்தில் கற்றுக்கொண்ட பாடம். நாம் அதைக் கற்று எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

படகைப் பிரிக்கலாமா என்று அவனே கேட்டான். வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை மெல்ல வைத்தால் கோந்து இளகுகிறது. நடுவிலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நாலு பலகை முறிந்துபோயிற்று. உள்ளே அந்த மூன்று சட்டங்களும் நாம் விட்டபடியே நின்றன. அவற்றின் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை ஒட்டி, தேய்த்து, குச்சியை வைத்துப் பார்த்தோம். வெளிச்சம் தெரியவில்லை. மறுபடி பலகை போர்த்த ஒன்பது இரவுகள் ஆயின. முதலில் இரண்டு இரவில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

எல்லாப் பிழையையும் திருத்தினோமா? இல்லை. பிரித்தபோது வேறொன்று கண்டோம். அடிமரம் பின்பகுதியில் இடப்பக்கமாக ஒரு நூலளவு வளைந்திருந்தது. ஈரப்பலகையில் அறுத்ததன் பயன். அதை நேராக்க வேண்டுமானால் படகு முழுவதையும் உடைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். என்ன செய்வது என்று இருவரும் யோசித்தோம்.

நம் நண்பர் இங்கே ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "குறையில்லாத சரக்கு எந்தக் கடையில் இருக்கிறது? நான் கறை விழுந்த துணியை விற்கிறேன். கறையை விரித்துக் காட்டி, விலையைக் குறைத்து விற்கிறேன். வாங்குகிறவன் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போகிறான்." ஆம்! சரக்கின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது மதரஸாவில் சிறு வயதிலேயே நாம் கேட்ட பாடமன்றோ? குறை இருப்பது வேறு. குறையை மறைப்பது வேறு. முதலாவது எல்லா மனிதருடைய வேலையிலும் உண்டு. இரண்டாவதற்கு நாமாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அடிமரத்தை அப்படியே விட்டோம். மகன் படகின் அடியில், வர்ணம் அடிக்காத இடத்தில், பென்சிலால் எழுதினான்: "அடிமரம் பின்பக்கம் இடது புறமாகக் கொஞ்சம் வளைந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியும்." ஆசிரியரிடமும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். நாம் போகச் சொல்லவில்லை.

பெரியவரிடம் அந்த 3 கிலோ மிளகாய்க்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மல்லிக்கும் கொடுக்க முன்வந்தோம். மல்லிப் பணத்தை அவர் வாங்கவில்லை. அடுத்த வாரம் அவர் கடைக்கு வருவாரா என்று வாசலைப் பார்த்தபடி இருந்தோம். அந்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். முன்போல் எடுத்துக் கட்டு என்று சொல்லாமல், மூட்டையில் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். பிறகு 2 கிலோ வாங்கினார். முன்பு அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. இனி எப்போதும் பார்ப்பார். அது நமக்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணிக்கொண்டோம், நியாயமான தண்டனை.

இப்போது பொட்டலம் கட்டும் மேசையின் மேலே, வரைபடத்தின் மூலையிலிருந்த அந்த 4 அங்குலக் கோட்டை வெட்டி ஒட்டியிருக்கிறோம். அது என்ன என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அளவு பார்க்கும் கோடு என்று மகன் சொல்கிறான். அதற்குமேல் சொல்வதில்லை.

சகோதரர்களே, உங்கள் வீட்டிலும் கடையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நம் வாயைப் பார்க்கிறார்கள். "யாருக்குத் தெரியப் போகிறது?" என்ற சொல் அடுத்த முறை நாவில் வரும்போது, நஷ்டமொன்றும் இல்லாத சின்னக் காரியமாயிற்றே என்று தள்ளிவிடாமல், அந்தச் சின்னக் காரியத்திலேயே ஒரு நிமிஷம் நின்று அளந்து பார்ப்போமாக!